ஆர்வி வண்டியில் குடித்தனம்: எலி, எறும்பு, கரடி, கழுதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆர்வி என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. சில பேர் லீவுக்கு மட்டும் எடுத்துப் போவார்கள், சில பேர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அதிலேயே குடியேறிவிடுவார்கள். நாங்கள் இரண்டாவது வகை. நான், மனைவி, கறுப்பி என்கிற நாய், பிக்கப் டிரக்கின் பின்னால் இழுக்கிற ஒரு டிரெய்லர். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனம், வெயில் ஏற ஏற வடக்கே யூட்டா, வயோமிங், மொன்டானா. வண்டி வாங்க யோசிக்கிற நம்மவர்களும் சரி, ஊரிலிருந்து வீடியோ காலில் வருகிற சொந்தக்காரர்களும் சரி, சுற்றிச் சுற்றி மிருகங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கரடி வந்து கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வராதா?

எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான். கரடி இருக்கிற ஊர்களில் வரலாம். ஆனால் அதற்கு உங்கள் மேல் ஆசை கிடையாது, நீங்கள் வைத்திருக்கிற சாப்பாட்டின் மேல்தான். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் இருட்டிய பிறகு காருக்குள் சாப்பாட்டுச் சாமான் எதையும் விட்டு வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. கார் கதவைக் கரடி சட்டையைக் கழற்றுகிற மாதிரி கழற்றிவிடும். ஆர்விக்கு அங்கே கொஞ்சம் சலுகை உண்டு: சுவர் கெட்டியான வண்டியாக இருந்தால் உள்ளே சாப்பாடு வைக்கலாம், ஆனால் நீங்கள் வெளியே போகும்போது ஜன்னல், கதவு, கூரைத் துவாரம் எல்லாம் மூடியிருக்க வேண்டும். பக்கவாட்டில் துணி விரிகிற வண்டிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. வயோமிங்கின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற ஆர்வி பார்க்கில் கூடாரமோ துணிச்சுவர் வண்டியோ உள்ளேயே விடமாட்டார்கள், ஏனென்றால் அது கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடிகள் நடமாடுகிற இடம்.

சாப்பாடு என்றால் அரிசி பருப்பு மட்டும் இல்லை. பற்பசை, சோப்பு, சென்ட், நாய்த் தீனி, குப்பைப் பை, அடுப்புக் கம்பியில் ஒட்டியிருக்கிற எண்ணெய், எல்லாமே அதற்குச் சாப்பாட்டு வாசனைதான். கருவாடு வறுக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் கரடி இல்லாத மாநிலத்துக்கு வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இது சண்டை போட்டு முடிவான சட்டம்.

கிரிஸ்லி இருக்கிற பகுதியில் நடக்கப் போனால் கரடி ஸ்பிரே, அதாவது மிளகாய் எண்ணெய் அடைத்த டப்பா, இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் இல்லை. பாய்ந்து வருகிற கரடி 30 முதல் 60 அடி தூரத்தில் இருக்கும்போது அடிக்கத் தொடங்க வேண்டும். கொசு மருந்து போல வண்டியைச் சுற்றித் தெளித்து வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அது நேர் எதிராக வேலை செய்யும், காய்ந்த மிளகாய் எண்ணெய் வாசனைக்குக் கரடி வந்து மோந்து பார்க்கும். வெயிலில் பூட்டிய காருக்குள் அந்த டப்பாவை விடாதீர்கள், சூட்டில் வெடிக்கும்.

அப்போ நிஜமாகவே பயப்பட வேண்டியது எதற்கு?

எலிக்கு.

சிரிக்காதீர்கள். ஆர்வியில் வருஷக்கணக்காக இருக்கிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கரடியை ஒரு தடவை தூரத்தில் பார்த்திருப்பார்கள், எலியோடு வருஷாவருஷம் மல்லுக்கட்டியிருப்பார்கள். வண்டியின் சுவர் என்பது வெளியே மெல்லிய தகடு அல்லது ஃபைபர், உள்ளே மெல்லிய பலகை, நடுவில் பஞ்சு அல்லது ஃபோம். குளிர் தொடங்குகிற சமயத்தில் எலிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒயரைக் கடிக்கும், தண்ணீர்க் குழாயைக் கடிக்கும், மெத்தையைக் கிழித்துக் கூடு கட்டும்.

கால் அங்குல ஓட்டை போதும், சுண்டெலி நுழைந்துவிடும். பென்சில் நுழைகிற ஓட்டையில் எலி நுழையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டைகள் எங்கே இருக்கும் என்றால்: கரண்ட் கேபிள் வெளியே வருகிற சின்னக் கதவு, சமையல் தொட்டிக்கு அடியில் குழாய் தரைக்குள் இறங்குகிற இடம், கேஸ் குழாய் போகிற வழி, பக்கவாட்டில் நீளுகிற ஸ்லைடு அறையின் மூலை ரப்பர், வண்டியின் அடிவயிற்றை மூடியிருக்கிற கறுப்புத் தட்டியில் கிழிசல். ராத்திரி உள்ளே எல்லா அலமாரியையும் திறந்து பிரகாசமான விளக்கு வைத்துவிட்டு, வெளியே வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே எலிக்கும் வழி தெரிகிறது.

அடைப்பதற்குச் செம்புக் கம்பி வலையோ, பாத்திரம் தேய்க்கிற துருப்பிடிக்காத ஸ்டீல் நாரோ இறுக்கித் திணியுங்கள், அதற்கு மேல் ஃபோம் அடியுங்கள். வெறும் ஃபோம் மட்டும் அடித்தால் அதையும் கடித்துத் துளை போட்டுவிடும். பெப்பர்மின்ட் எண்ணெய், வாசனைச் சோப்பு, காதுக்குக் கேட்காத சத்தம் போடுகிற மிஷின் என்று ஆயிரம் வைத்தியம் சொல்வார்கள். வாசனைச் சோப்பில் எலிப் பல் தடத்தை நானே பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் என்ன சொல்ல.

பொறி வைத்தால் சுவரை ஒட்டி, தீனி இருக்கிற முனை சுவரைப் பார்த்து இருக்கிற மாதிரி வையுங்கள், எலி சுவர் ஓரமாகத்தான் ஓடும். கடலை வெண்ணெய் துளி போதும், நிறையத் தடவினால் பொறி விழாமலே நக்கிவிட்டுப் போய்விடும். விஷம் மட்டும் வேண்டாம். விஷம் தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்தால் அந்த நாற்றத்தோடு நீங்கள்தான் குடியிருக்க வேண்டும். வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்கிற ஆந்தையும் சேர்ந்து சாகும்.

இன்னொன்று, நம் வீட்டு விஷயம். இந்தியக் கடையில் வாங்குகிற பெரிய அரிசி மூட்டையை அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்போம் இல்லையா, எலிக்கு விருந்து வைக்கிற வேலை அது. மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவையும் அது கடித்துவிடும். ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட எவர்சில்வர் சம்படங்களுக்கு இங்கேதான் அர்த்தம் கிடைத்தது.

எலிப் புழுக்கையைப் பெருக்கித் தள்ளினால் போதாதா?

பெருக்கவே கூடாது, வேக்குவம் கிளீனரும் போடக் கூடாது. இதை மட்டும் தயவுசெய்து சீரியஸாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மான் எலி என்று ஒரு வகை உண்டு, முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை, பெரிய கண், பார்க்க அழகாகவே இருக்கும். அதன் மூத்திரம், புழுக்கை, எச்சிலில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். 1993-ல் அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா நான்கும் கூடுகிற பகுதியில் நல்ல வாட்டசாட்டமான இளவயதுக்காரர்கள் திடீரென்று மூச்சு முட்டி இறந்தபோதுதான் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2012-ல் யோசெமிட்டிக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தவர்களில் 10 பேருக்கு வந்தது, 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கியது இரட்டைச் சுவரும் நடுவில் வெப்பத் தடுப்பும் வைத்த கூடாரங்களில், எலிகள் அந்த இடைவெளியில்தான் குடியிருந்தன. உங்கள் ஆர்வியின் சுவரும் அப்படித்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பெருக்கும்போது தூசி கிளம்பி மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. அதனால் முதலில் கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டுவிட்டு நீங்கள் வெளியே இருங்கள். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை மேல் நன்றாக நனையும்படி ஊற்றி, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, காகிதத் துண்டால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். நாள்பட மூடிக் கிடந்த பழைய வண்டியை வாங்குகிறவர்கள் முதல் நாள் இதைத்தான் செய்ய வேண்டும், திரைச்சீலை வாங்குவதெல்லாம் அப்புறம். எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்த ஒன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தொடை, முதுகு வலியும் வந்தால் டாக்டரிடம் எலி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

பூனை வளர்த்தால்?

பிடிக்கும். பிடித்ததை உங்கள் தலையணையில் கொண்டுவந்து வைக்கும். மேலே சொன்னதைப் படித்த பிறகும் அது வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டிரக் இஞ்சினுக்குள் முள்ளும் குச்சியுமாக ஏதோ கிடக்கிறது, யாராவது வேண்டுமென்றே போட்டார்களா?

இல்லை, பேக்ராட். அரிசோனா பாலைவனத்தில் இருக்கிற கொஞ்சம் பெரிய எலி, குச்சி, கள்ளிமுள், டப்பா மூடி, பளபளக்கிற எது கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு வந்து குவித்து வீடு கட்டும். நிறுத்திய வண்டியின் இஞ்சின் அதற்கு இளஞ்சூடான தயார் குகை. ஒரே ராத்திரியில் பேட்டரி மேல் சோயா (cholla) என்கிற முள் கள்ளியின் துண்டுகளை அடுக்கிவிடும், ஒயர் உறையைக் கடித்துவிடும். (இதே எலிகள் பாறைப் பொந்துகளில் சேர்த்து வைத்த பழைய குவியல்கள் மூத்திரத்தால் இறுகி ஆயிரக்கணக்கான வருஷம் கெடாமல் இருக்கின்றன, பனியுகத்தில் அங்கே என்ன மரம் இருந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். என் ஒயரைக் கடித்தபோது எனக்கு அந்த மரியாதை வரவில்லை.)

பாலைவனத்தில் நாள்பட நிற்கிறவர்கள் ராத்திரி பானெட்டைத் திறந்தே வைப்பார்கள், இஞ்சினுக்கு அடியில் ஒரு விளக்குச் சரம் போட்டு வைப்பார்கள். இருட்டும் ஒதுக்கமும் இல்லாவிட்டால் அதற்குப் பிடிக்காது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை வண்டியை எடுத்து ஓட்டுவது அதைவிட நல்லது.

மலைப்பக்கம் போனால் இதே தொல்லையை மார்மட் கொடுக்கும், குண்டு அணில் மாதிரி இருக்கும். கலிஃபோர்னியாவில் செக்கோயா பூங்காவின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் வசந்தத்தின்போது அவை ரேடியேட்டர் ஹோஸைக் கடித்துக் கூலன்ட்டைக் குடிக்கும். அங்கே நிறுத்துகிறவர்கள் காரைத் தார்ப்பாய் விரித்து அதன் மேல் ஓட்டி நிறுத்தி, சக்கரத்துக்கு மேல்வரை சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் நடக்கப் போவார்கள். மேலே நின்று பார்த்தால் நிறுத்துமிடம் முழுக்கப் பொட்டலமாகத் தெரியும்.

எறும்பு?

எறும்புக்கு வண்டியில் ஏற எண்ணி ஆறு வழிதான்: சக்கரம், முட்டுக்கொடுக்கிற ஜாக்கிகள், கரண்ட் கேபிள், தண்ணீர் ஹோஸ், கழிவு ஹோஸ், உரசி நிற்கிற மரக்கிளை. வீட்டைப் போல நாலு சுவரும் மண்ணைத் தொட்டு நிற்பதில்லை என்பது நமக்கு லாபம். கிளை படாத இடமாகப் பார்த்து நிறுத்தி, மற்ற இடங்களில் தரையைத் தொடுகிற முனையைச் சுற்றி டயட்டமேஷியஸ் மண்தூளை வட்டமாகப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும், மழை பெய்தால் திரும்பப் போட வேண்டும். உள்ளே வந்துவிட்டால் ஸ்பிரே அடிக்காமல் வெங்காரம் (போராக்ஸ்) கலந்த சர்க்கரைப் பாகு வையுங்கள். முதல் நாள் கூட்டம் இன்னும் பெருகும், பதறாதீர்கள், அவை புற்றுக்கு எடுத்துப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஊரிலிருந்து எறும்பு சாக்பீஸ் வாங்கி வரலாமா என்று கேட்கிறார்கள். பூச்சிக்கொல்லி சாக்பீஸ் விற்பது இங்கே சட்டவிரோதம், குழந்தைகள் எழுதுகிற சாக்பீஸ் என்று நினைத்து வாயில் வைத்துவிடுவார்கள் என்பது முக்கியக் காரணம். விட்டுவிடுங்கள்.

டெக்சாஸிலிருந்து ஃபுளோரிடா வரை தெற்கே போகிறவர்கள் தீ எறும்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் பெட்டிக்குள் புற்று வைக்கிற பழக்கம் அதற்கு உண்டு. ஆர்வி பார்க்கில் மின்பெட்டியைத் திறக்கும் முன் குச்சியால் தட்டிவிட்டுத் திறங்கள். கறுப்பு விதவைச் சிலந்தியும் அங்கேதான் தண்ணீர் வால்வு மூடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், பளபளக்கிற கறுப்பு உடம்பு, வயிற்றில் சிவப்பாக உடுக்கை வடிவம்.

ஹீட்டர் பற்றவில்லை, மெக்கானிக் குளவி என்கிறார். நம்பலாமா?

நம்பலாம். மண்குளவி ஹீட்டரின் புகைப்போக்கிக்குள் மண்கூடு கட்டும். சிலந்திகளோ கேஸ் பர்னர் குழாய்க்குள் வலை பின்னும். எரிபொருள் வாடை சில சிலந்திகளை இழுக்கிறது. 2011-ல் மாஸ்டா நிறுவனம் தன் செடான் கார்களைத் திரும்ப அழைத்துப் பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயைச் சரிபார்த்ததே அங்கே மஞ்சள் சிலந்தி வலை கட்டியதால்தான்.

நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால், கரி படிந்தால், உடனே அணைத்துவிட்டுப் பர்னரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். காற்று சரியாகப் போகாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையும் இருக்காது. வெளித் துவாரங்களுக்குச் சல்லடை மூடிகள் விற்கிறார்கள், ஆனால் ஹீட்டரின் புகைப்போக்கிக்குப் போடும் முன் அந்த ஹீட்டரின் கையேட்டைப் பாருங்கள், சில தயாரிப்பாளர்கள் கூடாது என்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதி பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும், இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.

பாம்பு?

அம்மாவுக்கு இது மட்டும்தான் கேள்வி. உண்டு. அரிசோனாவில் மட்டும் 13 வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் இருக்கின்றன. வாலை ஆட்டிச் சத்தம் போடும், ஆனால் எப்போதும் போடும் என்று நம்பி நடக்கக் கூடாது. கடுங்குளிரில் வெளியே வராது. வெயில் காலத்தில் ராத்திரிதான் நடமாட்டம் அதிகம், அதனால் டார்ச் இல்லாமல் படி இறங்காதீர்கள், கடைசிப் படிக்கு அடியில் ஒரு தடவை வெளிச்சம் அடித்துவிட்டுக் காலை வையுங்கள். வண்டிக்கு அடியில் விறகு, நாற்காலி, பலகை என்று போட்டு வைத்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும்.

கண்டால் ஆறடிக்கு மேல் தள்ளி நில்லுங்கள், போய்விடும். அடிக்கக் குச்சி எடுப்பதும் பிடிக்கப் பார்ப்பதும் கடி வாங்குகிற வழி. கடித்துவிட்டால் ஊரில் பழகின எதையும் செய்யாதீர்கள்: கயிறு கட்டுவது, கீறி ரத்தம் விடுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றிவிட்டு, கடிபட்டவரை ஆடாமல் உட்கார வைத்து 911-ஐக் கூப்பிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் தங்குகிறவர்கள் பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று வந்து சேர்ந்த அன்றைக்கே பார்த்து வையுங்கள்.

தேள் பற்றிச் சுருக்கமாக: அரிசோனா மரப்பட்டைத் தேள் வெளிறிய மஞ்சளாக, மெலிதாக இருக்கும், சுவரிலும் ஏறும். புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும், சின்ன டார்ச் பத்துப் பன்னிரண்டு டாலருக்குக் கிடைக்கும். வெளியே கழற்றிவிட்ட செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். குழந்தையைக் கொட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

காட்டெருமை பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கலாமா, மாடு மாதிரி சாதுவாகத்தானே நிற்கிறது?

யெல்லோஸ்டோனில் வேறெந்த மிருகத்தைவிடவும் அதிகம் பேரைக் காயப்படுத்தியது அந்தச் சாதுதான். ஆண் காட்டெருமை 900 கிலோ வரை இருக்கும், மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சட்டப்படி அங்கே காட்டெருமைக்கும் எல்க் மானுக்கும் 23 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வாலைத் தூக்கி நிறுத்தினால் பேச்சு முடிந்தது, பின்வாங்குங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இணை சேரும் காலம், அப்போது உறுமல் சத்தம் வண்டிக்குள்ளேயே கேட்கும். படியை ஒட்டி வந்து மேய்ந்தால் உள்ளேயே இருந்து காபி குடியுங்கள், அவசரம் உங்களுக்குத்தான், அதற்கு இல்லை.

நிஜ மாடு வருமா?

வராமல்? மேற்கு மாநிலங்களில் அரசாங்க நிலத்தில் இலவசமாக நிறுத்தித் தங்கலாம், பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை. அதே நிலத்தில் பண்ணைக்காரர்கள் மாடு மேய்க்கவும் உரிமம் வைத்திருக்கிறார்கள். யூட்டாவில் ஒரு விடிகாலை டிரெய்லர் மெதுவாக ஆடத் தொடங்கியது. காற்று என்று நினைத்து ஜன்னலைத் திறந்தால் காற்றே இல்லை. முன் மூலையில் ஒரு கறுப்பு மாடு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது, காதில் மஞ்சள் அட்டை, மூக்கிலிருந்து ஆவி. உரசி உரசி அந்த இடத்தில் தகட்டு அழுக்கெல்லாம் போய்ப் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து வரிசையில் நிற்கிற மாதிரி நின்றன. ஊரெல்லாம் குரைக்கிற கறுப்பி அன்றைக்கு மூச்சு விடவில்லை. மனைவி தஞ்சாவூர்ப் பக்கம், படியில் நின்று "ஹை... ஹை... த்தா" என்று ஒரு குரல் கொடுத்தாள். அமெரிக்க மாட்டுக்கும் அது புரிந்தது.

கவனிக்க வேண்டியது: கண்ணாடி, பின்ஏணி, வெளியே கிடக்கிற ஹோஸ் இவற்றை ராத்திரி உள்ளே எடுத்து வையுங்கள் அல்லது மடக்கி வையுங்கள். வழியில் கேட் இருந்தால் மூடியிருந்ததை மூடுங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். வேலி இல்லாத மேய்ச்சல் நிலச் சாலையில் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், கறுப்பு மாடு ஹெட்லைட்டில் தெரியவே தெரியாது, மோதினால் மாட்டுக்கு நீங்கள் காசு கொடுக்கிற மாதிரிகூடச் சில மாநிலச் சட்டம் இருக்கிறது.

கழுதை ஜன்னலில் தலையை நீட்டுகிறது, ரொட்டி கொடுக்கலாமா?

அரிசோனாவில் குவார்ட்சைட் பக்கமோ ஓட்மன் பக்கமோ இருப்பீர்கள். பழைய சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வம்சம் அவை. 1971-ல் வந்த சட்டப்படி காட்டுக் குதிரைக்கும் கழுதைக்கும் பாதுகாப்பு உண்டு. கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் அடுத்த வண்டிக்காரரின் குழந்தை கையைக் கடிக்கும், சாலை ஓரம் வந்து நின்று அடிபட்டும் சாகும். கறுப்பி கழுதையைப் பார்த்துக் குரைக்கப் போய் உதை வாங்காமல் தப்பியது அதன் அதிர்ஷ்டம், கழுதைக்கு நாய் என்றால் ஓநாய்தான்.

நாயோடு ஆர்வியில் இருப்பது கஷ்டமா?

நாய்க்குக் கொண்டாட்டம், நமக்குத்தான் வேலை. தேசியப் பூங்காக்களில் ஆறடிக் கயிறு கட்டாயம், நடைபாதைகள் பெரும்பாலானவற்றில் நாய்க்கு இடமே இல்லை. அரசாங்கப் பொதுநிலத்திலும் தேசியக் காடுகளிலும்தான் அது நிம்மதியாக நடக்கும். அந்தி சாய்ந்தால் சின்ன நாயைத் தனியாக வெளியே விடாதீர்கள், கயோட்டி என்கிற சின்ன ஓநாய் மாதிரியான மிருகம் தூக்கிக்கொண்டு போய்விடும். அரிசோனாவில் ஹவேலினா என்று காட்டுப்பன்றி மாதிரி ஒன்று கூட்டமாக வரும், கண் பார்வை மங்கல், நாயைக் கண்டால் கயோட்டி என்று நினைத்துப் பாயும், பல் கத்தி. சோயாக் கள்ளி ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காதீர்கள், அப்புறம் உங்கள் கையில் ஒட்டும். பெரிய பல் வைத்த சீப்பால் நெம்பி எறிந்துவிட்டு மிச்ச முள்ளைக் குறடால் எடுங்கள். பாலைவனத்தில் சீப்பு என் சட்டைப்பையில் இருப்பது தலைவாருவதற்கு இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மிருகமே இல்லை, ஏசி நின்றுபோவது. பார்க்கில் கரண்ட் போனால் வெயிலில் டிரெய்லர் கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும். செல்போன் சிக்னலில் வேலை செய்கிற வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், நீங்கள் கடையில் இருக்கும்போதே போனுக்குச் செய்தி வரும். வைஃபையை நம்புகிற வகையை வாங்காதீர்கள், கரண்ட் போனால் வைஃபையும் போகும்.

ஸ்கங்க் என்கிற கறுப்பு வெள்ளைப் பிராணி தன் நாற்றத் திரவத்தை நாய் மேல் பீய்ச்சிவிட்டால் தக்காளிச் சாறு வேலை செய்யாது, நாயும் நாறும் தக்காளியும் நாறும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு ஸ்பூன், கலந்த உடனே கண்ணில் படாமல் தேய்த்து ஐந்து நிமிஷம் கழித்து அலசுங்கள். மிச்சத்தைப் பாட்டிலில் மூடி வைக்காதீர்கள், வெடிக்கும். நாயைக் கழுவும்வரை வண்டிக்குள் ஏற்றாதீர்கள், ஏற்றினால் வண்டியை விற்கிறவரைக்கும் பேசப்படும்.

வௌவால் உள்ளே வந்துவிட்டது. விரட்டிவிட்டேன். சரிதானே?

தூங்கும்போது வந்திருந்தால் சரியில்லை. வௌவால் கடித்த தடம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம், அமெரிக்காவில் வெறிநோய் பெரும்பாலும் வௌவாலால்தான் மனிதனுக்கு வருகிறது. தூங்கி எழுந்தபோது அறையில் வௌவால் இருந்தால், தூங்குகிற குழந்தையின் அறையில் இருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் வெறுங்கையால் தொடாமல் டப்பாவில் மூடிப் பிடித்து வைத்தால் சோதித்துப் பார்ப்பார்கள். சுருட்டி வைத்த வெளிப்பந்தல் துணிக்குள் பகலில் தூங்குகிற பழக்கம் அதற்கு உண்டு, விரிக்கும்போது தள்ளி நின்று விரியுங்கள்.

தேன்சிட்டு மாதிரி ஒரு குட்டிப் பறவை வருகிறதாமே, அதற்குத் தண்ணீர் வைக்கலாமா?

ஹம்மிங்பர்ட். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். சிவப்புச் சாயம், தேன், வெல்லம் வேண்டாம். வெயிலில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கழுவி மாற்றுங்கள். அரிசோனாவில் குளிர்காலத்திலும் வரும். கரடி இருக்கிற இடத்தில் மாட்டவே கூடாது, அந்தச் சர்க்கரைத் தண்ணீருக்காகவே கரடி வரும்.

ராத்திரி கூரை மேல் யாரோ நடக்கிற சத்தம்?

விடியும் நேரம் என்றால் அண்டங்காக்கை. நள்ளிரவு என்றால் ஆந்தையோ ரக்கூனோ. ஆள் இல்லை.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கலாமா?

மாமியார் கேட்டது, அப்புறம் நிறையப் பேர் கேட்டார்கள். தேசியப் பூங்காவில் எந்தக் காட்டுப் பறவைக்கும் சோறு வைக்கக் கூடாது, அபராதம் உண்டு. மற்றப் பாலைவன இடங்களிலும் நான் வைப்பதில்லை. மொஹாவி பாலைவனத்தில் அண்டங்காக்கைகள் பெருகியதற்கு மனிதர்கள் போடுகிற குப்பையும் தீனியும் பெரிய காரணம். பெருகிய காக்கைகள் பாலைவன ஆமைக் குஞ்சுகளின் மெல்லிய ஓட்டைக் கொத்தி உடைத்துத் தின்கின்றன. அந்த ஆமை 1990-லிருந்தே அழியும் நிலைக்குப் போகக்கூடிய இனங்களின் மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் நாங்கள் அமாவாசையன்று இலை போட்டுப் படைத்துவிட்டு நாங்களே சாப்பிட்டுவிடுகிறோம், மாமியாருக்கு இதில் இன்னும் சமாதானம் இல்லை.

ஆமை என்றதும் ஒன்று: மொஹாவியிலோ ஜோஷுவா ட்ரீ பூங்கா பக்கமோ நிறுத்தினால் வண்டியை எடுக்கும் முன் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பாருங்கள், நிழலுக்காக வந்து படுத்திருக்கும். தூக்கி நகர்த்தாதீர்கள், பயந்தால் உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீரை எல்லாம் பெய்துவிடும், வறண்ட காலத்தில் அதனாலேயே செத்துப்போகலாம். அதுவாக எழுந்து போகிறவரை காத்திருங்கள், ரொம்ப நேரம் ஆனால் பூங்கா ரேஞ்சருக்குப் போன் போடுங்கள்.